எருக்காரர் பெண்டாட்டி

என் வீட்டுக்காரருக்கு எருக்காரர் என்று பட்டம் வைத்தது அண்ணிதான், அதாவது அவருடன் கூடப் பிறந்த அக்கா. கேலிக்குத்தான் வைத்தார். இவரோ பொன்னாடை போர்த்திய மாதிரி அதை வாங்கிக்கொண்டார். வயலின் மூலையில் பழைய பலகைகளை அடித்து மூன்று தொட்டிகள் கட்டியிருந்தார். ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு சாணம், ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு என்று போட்டு, நனைத்து, கிளறி, நடுவில் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத மனுஷர். குவியல் ஆவி விட்டால் மட்டும் முகமெல்லாம் பல்லாக நிற்பார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எருதான் எங்களுக்குச் சோறு போட்டது.

நாங்கள் பிழைக்க வந்தவர்கள். வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூட வேலை. ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழும், மடிக்க வேண்டும். மடித்து முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். அந்த ஆவியில் வெந்து வெந்து இருமலைச் சம்பாதித்ததுதான் மிச்சம். வெளியே மழையா வெயிலா என்பதே படி ஏறி மேலே வந்தால்தான் தெரியும். இவருக்கு ஒரு பேக்கரியில் தட்டு கழுவுகிற வேலை. அண்ணி குடும்பம் எங்களுக்கு முன்பே வந்து காலூன்றியிருந்தது. அவர்தான் நிலத்துக்காரம்மாவிடம் எங்களுக்காகப் பேசி ஒரு துண்டு நிலம் வாங்கித் தந்தார். அந்த நன்றி எனக்கு உண்டு. அவர் அதை அடிக்கடி நினைவுபடுத்துவார் என்பது வேறு விஷயம்.

நிலத்துக்காரம்மாவுக்கு வயல் பெரிது, பார்க்க ஆள் இல்லை. அதை நான்காகப் பிரித்து எங்களைப் போல வெளியிலிருந்து வந்த நான்கு குடும்பங்களுக்கு விட்டிருந்தார். எங்களுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, பஸ் ஓட்டி ஓய்ந்துபோன டிரைவர் அண்ணனுக்கு ஒன்று, தையல்கார அக்காவுக்கு ஒன்று. ஒரே ஒரு நிபந்தனை. மண்ணில் ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது. பூச்சிக்கும் கூடாது, களைக்கும் கூடாது. அவருடைய கணவர் காலமெல்லாம் மருந்தடித்துப் பயிர் செய்து, கடைசியில் மூச்சு விட முடியாமல் போய்ச் சேர்ந்தவராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தார். மருந்தைத் தொட்டால் அன்றோடு வெளியே போக வேண்டியதுதான் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் தொடவில்லை. களையைக் கையால் பிடுங்கினோம், புழுவை விரலால் பொறுக்கினோம். சுற்றுவட்டார வீடுகளுக்கு வாராவாரம் ஒரு பெட்டி காய் கொண்டு போய்க் கொடுத்தோம். சுவையாக இருக்கிறது என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்ல, பெட்டிகள் கூடின. சலவைக்கூடத்தை விட்டேன். இருமல் நின்றது. வெயிலில் கறுத்துப் போனேன், அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் சாணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் மாட்டுப் பண்ணையை மூடிவிட்டார்கள். எருக்காரர் தொட்டி காலியாக நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் லாயக்காரத் தம்பியைப் பார்த்தோம். செல்போனில் நம் பாஷையில் பேசிக்கொண்டிருந்தான். வந்த இடத்தில் நம் பாஷை காதில் விழுந்தால் முன்பின் தெரியாதவன்கூட உறவாகிவிடுகிறான். ஊர் எல்லையில் இருக்கும் குதிரை லாயத்தில் வேலையாம். கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி முழுகாமல் இருக்கிறாள், லாயத்துக்கு மேலேயே ஒரு அறையில் குடியிருப்பு. இவர் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

லாயத்துச் சாணத்தை முதலாளி காளான் வளர்ப்பவர்களுக்கு விற்றுவிடுகிறாராம். ஆனால் பின்கட்டில் ஒரு பழைய குவியல் இருக்கிறது, கணக்கில் இல்லாதது, கொண்டுவந்து கொட்டுகிறேன் என்றான். அப்புறம் குரலைத் தணித்து, "முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்ணே. வேலை போனா விசாவும் போயிடும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க" என்றான். இவர் அவன் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

வண்டி வண்டியாக வந்து கொட்டினான். பதிலுக்கு நான் பை நிறையக் காய் கொடுத்தேன். எருக்காரர் அந்தச் சாணத்தை உதிர்த்து உதிர்த்துப் பார்த்து, களை விதை ஒன்றுகூட இல்லையே என்று அதிசயப்பட்டார். எங்கள் குதிரை தின்கிற புல்லில் களையே இருக்காது, தலை வாரிவிட்ட மாதிரி வெறும் புல்லாகத்தான் வரும் என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

புல்வெளி என்றால் அதில் நாலு களை இருக்கும். களை பிடுங்கியே முதுகு வளைந்த எங்களுக்கு அது தெரியாதா? களையே இல்லாத புல் எப்படி வளரும் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நாங்களும் பார்க்கவில்லை.

எரு நன்றாகத்தான் மக்கியது. கறுப்பாக, பொலபொலவென்று, கையில் எடுத்தால் மழை பெய்த மண் மாதிரி மணந்தது. நம் பாத்திகளுக்குப் போட்டுவிட்டு மீதியை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இவர் கேட்டால்தானே. தள்ளுவண்டியில் அள்ளி அண்ணி பாத்திக்கு, டிரைவர் அண்ணன் பாத்திக்கு, தையல்கார அக்கா பாத்திக்கு என்று தானே தள்ளிக்கொண்டு போய், தானே பரப்பிவிட்டு வந்தார். தக்காளி, பீன்ஸ், உருளை என்று தீனி அதிகம் கேட்கும் பயிருக்கெல்லாம் நல்ல கனமாகப் போட்டார். அண்ணிக்கு ஒரே பூரிப்பு. எங்கிருந்து சாணம் என்று கேட்டதற்கு இவர் சிரித்துச் சமாளித்தார்.

முதலில் எங்கள் தக்காளி காட்டிக்கொடுத்தது. நட்டு வேர் பிடித்த பிறகு, கொழுந்து விரியாமல் சுருண்டது. இலை இலையாக இல்லை, பெரணிச் செடி மாதிரி குறுகி, நுனி முறுக்கிக்கொண்டு நின்றது. பூச்சியா என்று இலைக்கு அடியில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தண்ணீர் குறைவோ என்று ஊற்றினேன், இன்னும் முறுக்கியது. அப்புறம் பீன்ஸ் கிண்ணம் மாதிரி குவிந்தது. உருளை இலை மடங்கியது. போய்ப் பார்த்தால் நான்கு துண்டிலும் இதே கதை. வெங்காயத்துக்கு ஒன்றும் இல்லை. மக்காச்சோளம் எதுவும் நடக்காதது போல ஜம்மென்று நின்றது. டிரைவர் அண்ணன் இது ஏதோ வியாதி என்றார். தையல்கார அக்கா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். எருவைப் பற்றி யாருக்கும் ஒரு துளி சந்தேகம் இல்லை. எருக்காரரின் எரு ஆயிற்றே.

ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, டவுனில் இருக்கும் விதைக்கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் இலையைப் பார்த்ததும் குதிரைச் சாணம் போட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புல்வெளியில் களையை மட்டும் கொல்ல ஒரு மருந்து உண்டாம். அதை அடித்தால் புல் சாகாது, அகன்ற இலைச் செடியெல்லாம் சாகும். அந்தப் புல்லைக் குதிரை தின்றாலும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. மருந்து மட்டும் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, எருவில் மக்கியும் சாகாமல் உட்கார்ந்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு டப்பாவில் அந்த எருவையும் இன்னொன்றில் வெறும் மண்ணையும் போட்டு, பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள் என்றார். அந்த மண்ணில் ஓரிரு வருஷத்துக்குச் சோளம் மாதிரி புல் ஜாதிப் பயிர்தான் வைக்கலாமாம்.

வீட்டில் வந்து சொன்னால் இவர் நம்பவில்லை. பெற்ற பிள்ளை திருடினான் என்று சொன்ன மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் சமையலறை ஜன்னலில் டப்பாக்களை வைத்து விதை ஊன்றினார். அன்றிலிருந்து அந்த ஜன்னல்தான் எங்களுக்கு உலகம். காபி போடும்போது பார்ப்பேன், பாத்திரம் கழுவும்போது பார்ப்பேன். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார். எல்லா டப்பாவிலும் முளை வந்தது. முதல் ஜோடி இலை நேராக, பச்சையாக விரிந்தது. "பாத்தியா? எருவைச் சொன்னியே" என்று இவர் துள்ளினார். நானும் நம்பத் தொடங்கினேன், பொய் சொல்வானேன். அடுத்த கொழுந்து வந்தபோது வெறும் மண்ணில் இருந்தது விரிந்தது. எருவில் இருந்தது குவிந்து, முறுக்கிக்கொண்டு நின்றது.

அவர் டப்பாவைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"என் கையாலயே எல்லார் மண்ணையும் கெடுத்துட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சொட்டு மருந்தைத் தொடாமல் தவம் கிடந்த எங்கள் மண்ணில், நாங்களே மருந்தைத் தள்ளுவண்டியில் கொண்டு போய்க் கொட்டியிருக்கிறோம். அதுவும் இலவசமாக, வீடு வீடாக.

மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிலத்துக்காரம்மா முந்திக்கொண்டார். வாடிய இலையை அவரே எடுத்து எங்கோ பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். களைக்கொல்லி என்று முடிவு வந்துவிட்டது. எங்கள் நான்கு குடும்பத்தையும் வயல் நடுவில் நிற்க வைத்துப் பேசினார். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்திருந்தால் ஓரம் முழுக்கப் பட்டிருக்கும், இது அங்கே ஒரு பாத்தி இங்கே ஒரு பாத்தியாக இருக்கிறது, யாரோ கையால் அடித்ததுதான் என்றார். அவர் குரல் உயரவே இல்லை. யார் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அந்தக் குடும்பம் மட்டும் போகட்டும். சொல்லாவிட்டால் நான்கு குடும்பமும் போக வேண்டும், வயலைப் பூட்டிவிடுகிறேன் என்றார். அவர் போன பிறகு டிரைவர் அண்ணன் தையல்கார அக்காவைப் பார்த்தார், அக்கா அண்ணியைப் பார்த்தார், அண்ணி என்னைப் பார்த்தார். அதுவரை ஒரே வாளியில் தண்ணீர் பங்கு போட்டுக்கொண்டவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, லாயத்துச் சாணம்தான் காரணம் என்று போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். டப்பாக்களையும் காட்டலாம், விதைக்கடைக்காரரையும் கூப்பிடலாம், அந்த அம்மாள் நியாயம் தெரிந்தவர் என்றேன். இவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். குதிரைச் சாணம் என்று வாயைத் திறந்தாலே போதும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் லாயம் ஒன்றுதான். நிலத்துக்காரம்மாவும் லாயத்து முதலாளியும் பழக்கம். ஒரு போன் போட்டால் தம்பியின் கதை முடிந்தது.

"அப்ப நம்ம கதை? அண்ணி கதை? டிரைவரண்ணன் இந்த வயசுல எங்க போவாரு?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கைச் சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்னுங்க" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு அந்த அடித்தளம் கண் முன்னால் வந்து நின்றது. சூடான விரிப்புகளும், குழல் விளக்கும், நெஞ்சைக் குத்தும் இருமலும். மறுபடி அந்தப் படியில் இறங்க என்னால் முடியாது. இவர் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். அவன் யார், நாங்கள் யார்? பஸ்ஸில் பார்த்த பழக்கம். ஆயிரம் பேருக்கு நடக்கிறது, இவனுக்கும் நடக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. தம்பிதான். எங்கள் பயிர் வாடுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டானாம். எருப் போதாமல்தான் வாடுகிறது என்று அவனாக முடிவு செய்து, ஒரு வண்டி சாணத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டான். லீவு நாளில், வியர்த்து விறுவிறுத்து, முகம் நிறையச் சிரிப்போடு. "நல்லா மக்கினதாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்ணே. இதைப் போடுங்க, தூக்கிக் குடுத்துடும்" என்று சொல்லிக்கொண்டே கொட்ட ஆரம்பித்தான். எருக்காரர் அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. எனக்கும் வரவில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறானே என்று பொருமினேன். அவனைத் திட்டவும் முடியவில்லை.

வண்டியிலிருந்து அவன் மனைவியும் மெல்ல இறங்கினாள். நிறைமாதம். காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தேன். சின்னப் பெண். இருக்கிற அறை நன்றாக இருக்கிறதாம், கீழே குதிரைகள் நிற்பதால் தரை கதகதப்பாக இருக்கிறதாம், நாற்றம் பழகிவிட்டதாம். பிறக்கப் போகும் குழந்தைக்குப் பழைய துணியைக் கிழித்துத் தைத்து வைத்திருக்கிறாளாம். ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவால இங்க வர முடியாது. நீங்க கூட இருப்பீங்களாக்கா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். ஒருநாள் கழித்துக் கேட்டிருந்தால்கூடப் போதும். வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்கள் போன பிறகு தொட்டி ஓரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எருக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணி கண் வீங்கியிருந்தது. டிரைவர் அண்ணன் இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அது ஏனோ எனக்குத் தாங்கவில்லை. தையல்கார அக்கா தன் சோளத் தட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்துக்காரம்மா வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யார் என்று கேட்டார்.

எருக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். தானே அடித்ததாகச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இதுகூடத் தெரியாதா? அந்த மனுஷருக்குப் பொய் வராது. இரண்டாவது கேள்வியிலேயே உளறிவிடுவார். எருக்காரர் மருந்தடித்தார் என்றால் சின்னக் குழந்தையும் நம்பாது. கிளறிக் கேட்பார்கள், கேட்டால் லாயம் வெளியே வந்துவிடும்.

என்னைச் சொன்னால் நம்புவார்கள். களை பிடுங்கும்போதெல்லாம் ஊர் கேட்கத் திட்டுகிறவள் நான். ஒருநாள் பாருங்கள், எல்லாவற்றையும் மருந்தடித்துப் பொசுக்கிவிடுகிறேன் என்று இதே வயலில் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

"நான்தான் அடிச்சேன்" என்றேன். நம் பாஷையில்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்த அம்மாளுக்குப் புரிகிற பாஷையில், தப்பும் தவறுமாக, இன்னொரு தடவை சொன்னேன். களை தாங்க முடியவில்லை, முதுகு வலி, எல்லோருக்கும் உதவியாக இருக்கும் என்று நினைத்து எல்லார் பாத்தியிலும் அடித்தேன், இவருக்குத் தெரியாது என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

நிலத்துக்காரம்மா என் வீட்டுக்காரரிடம் திரும்பி, உண்மையா என்று கேட்டார். மறுத்துவிடாதீர்கள் என்று நான் அவரை முறைத்தேன். அவர் என்னையே பார்த்தார். உடனே தலையைக் குனிந்து ஆமாம் என்று ஆட்டினார். மறுக்கக் கூடாது என்றுதான் முறைத்தேன். ஆனாலும் ஒரு நிமிஷமாவது தயங்கியிருக்கலாம்.

நீங்கள் இருவரும் இந்த வாரமே காலி செய்துவிடுங்கள், மற்ற மூன்று பேரும் இருக்கலாம் என்று அந்த அம்மாள் சொன்னார். திட்டவில்லை. உன்னை நான் நம்பினேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. டிரைவர் அண்ணன் பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தார். நிலம் தப்பிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எருவைப் பற்றி இனி நான் யாரிடமும் வாய் திறக்க முடியாது. அண்ணிக்கு ஓட்டை வாய், அவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் லாயத்துக்குப் போய்விடும். ஆனால் அவர்கள் அந்தப் பாத்திகளில் மறுபடி தக்காளி வைத்துவிடக் கூடாதே என்ற பயம் என்னை அரித்தது. நல்லவேளையாக அண்ணியே கேட்டார்.

"எங்கெல்லாம் அடிச்ச? வந்து காட்டு."

காட்டினேன். தையல்கார அக்கா ஒரு கட்டுக் குச்சியோடு பின்னால் வந்தார். எருக்காரர் எங்கெல்லாம் தள்ளுவண்டியை நிறுத்தினார், எங்கெல்லாம் பரப்பினார் என்று எனக்கு மனப்பாடம். இந்தப் பாத்தி, அதுக்கு அடுத்தது, அந்த மூலை என்று கை நீட்டினேன். நீட்டிய இடத்தில் ஒரு குச்சி ஊன்றினார்கள். இதில் ரெண்டு வருஷத்துக்குச் சோளம் மட்டும் போடுங்கள், தக்காளியும் பீன்ஸும் வேண்டாம் என்று ஒவ்வொரு குச்சிக்கும் சொன்னேன். விஷம் வைத்தவளே சொல்வதால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அக்கா ஒரு குச்சியை ஊன்றும்போது, நீ நல்லாவே இருக்கமாட்டே என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

எருக்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று, தம்பி கொட்டிவிட்டுப் போன சாணத்தை மூட்டையில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணியின் உருளைப் பாத்திக்கு வந்தோம். வயலிலேயே பெரிய பாத்தி அதுதான். தன் கூடப் பிறந்த அக்காவுக்கு என்று இவர் இரண்டு வண்டி கூடுதலாகப் போட்ட இடம். இதிலும்தான் என்று சொன்னேன். அண்ணி குச்சியை ஊன்றவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என் தம்பி தன் கையால எருப் போட்ட பாத்தி இது. எனக்குன்னு ஆசையாப் போட்டான். இதுல போய் மருந்தடிக்க உனக்குக் கை வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி" என்றேன்.

அவர் குச்சியை ஊன்றினார். நான் அடுத்த பாத்திக்கு நடந்தேன்.